வாரியம் பேச வைத்த குழந்தை

மழலை மகிழ்ச்சி வாரியம் காரைக்காலில் தொடங்கப்பட்டபோது குழந்தைகள் தரப்பிலிருந்து எந்த எதிர்ப்பும் வரவில்லை. வாரியத்தின் முதல் வெற்றி அதுதான் என்று அதன் தலைவர் பல மேடைகளில் பேசியிருக்கிறார். இரண்டாவது வெற்றி எது என்று அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

வாரிய அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. படிக்கட்டு செங்குத்தானது. கைக்குழந்தையோடு ஏறுகிறவர்கள் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் குழந்தையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பையை வாயில் கவ்விக்கொள்ளலாம். மேலே போனதும் எதிர்ச் சுவரில் ஒரு பலகை தெரியும்: ‘இவ்வளாகத்தில் குழந்தைகள் அழுவது தடை செய்யப்பட்டுள்ளது.’

பெனிட்டா அந்தப் படியில் முதன்முறை ஏறியபோது அவளுடைய மகள் ஆன்லின் அழவில்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பமாகிவிட்டது.

பெனிட்டாவுக்கு ஊர் கோட்டுச்சேரி. காரைக்காலில் ஒரு செருப்புக் கடையில் பில் போடுகிற வேலை. கணவன் பிரவின் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். சாயங்காலம் அவன் வேனை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தால் தெருவிலுள்ள பிள்ளைகளெல்லாம் ஓடிவரும். ஒரு வயது தாண்டிய ஆன்லின் மட்டும் தரையில் உட்கார்ந்து கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாந்தமான பிள்ளை என்று சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். பாராட்டு அதிகமாக அதிகமாகப் பெனிட்டாவுக்குப் பயம் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் ஹஃப்ஸாவிடம் தூக்கிக்கொண்டு போனாள்.

டாக்டர் பரிசோதனைகளை முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ரெண்டு காதுமே கேக்கலம்மா. ஆனா வழி இருக்கு. காதுக்குள்ள கருவி வைக்கிற ஆபரேஷன் புதுச்சேரில செய்யிறாங்க. செலவை அரசாங்கமே பாத்துக்கும். தள்ளி மட்டும் போடாதீங்க. பேச்சைக் கத்துக்கிற வயசு இதுதான். இதை விட்டுட்டா அப்புறம் கருவி வச்சாலும் சத்தம் கேக்கும், பேச்சு வராது.”

“நாங்க என்ன செய்யணும் டாக்டர்?”

“மகிழ்ச்சி வாரியத்துல ஒரு பரிந்துரை வாங்கணும். ஒரு கையெழுத்துதான்.”

டாக்டர் ஹஃப்ஸா காதுகளைப் பற்றி நன்றாக அறிந்தவர். அலுவலகங்களைப் பற்றி அவ்வளவாக அறியாதவர்.

வாரியத்தின் செயல் அலுவலர் ஆதவன் பரிசோதனைத் தாள்களை வாங்கி மேசையின் ஒரு ஓரத்தில் வைத்தார். அவர் பார்த்தது குழந்தையைத்தான்.

“என்னம்மா, பிள்ளை சத்தமே காணும்?”

“காது கேக்காதுங்க சார். அதுக்காகத்தான் வந்துருக்கோம்.”

“எவ்வளவு ஒழுக்கமா உக்காந்துருக்கு பாருங்க! இங்க வர்ற பிள்ளைங்க எல்லாம் அந்த போர்டைப் பாத்ததுமே அழ ஆரம்பிச்சுடுதுங்க.” அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “அஜ்மீர், கேமராவை எடுத்துட்டு வாங்க. முகம் கெடைச்சிருச்சு.”

வாரியம் அப்போது ‘பேசும் மழலை’ என்றொரு திட்டத்தில் மூழ்கியிருந்தது. ஒரு குழந்தையின் புகைப்படத்தை ஏஐயிடம் கொடுத்தால் அது குழந்தையை எழுந்து ஆடவும் பாடவும் பேசவும் வைத்து வீடியோவாகத் தந்துவிடும். மகிழ்ச்சி தின விழாவில் அதைத் திரையிட வேண்டும். உண்மையான குழந்தைகளை வைத்துப் படமெடுக்க வாரியம் ஏற்கனவே முயன்றிருந்தது. அவர்களுக்கு மூக்கு ஒழுகியது. தலைவர் தூக்கியதும் அவர் சட்டையை நனைத்தார்கள். வாரியத்தின் நோக்கத்துக்குக் குழந்தைகள் ஒத்துவர மாட்டார்கள் என்று தீர்மானமே போட்டிருந்தார்கள்.

“சார், அந்தக் கையெழுத்து…” என்றாள் பெனிட்டா.

“வீடியோ வந்துட்டா உங்க ஃபைல் தானா நகரும்மா.”

நகரும் என்று அவர் சொன்னதால், நகராமல் இருப்பதும் அதன் வழக்கம் என்று பெனிட்டாவுக்குப் புரிந்தது. சரி என்று தலையாட்டினாள். ஆன்லினை வெள்ளைத் துணி விரித்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாரியத்தின் புகைப்படக்காரர் அஜ்மீர் கைதட்டினார், சொடுக்குப் போட்டார், கிலுகிலுப்பையை ஆட்டினார். ஆன்லின் தீர்ப்புச் சொல்லப்போகிற நீதிபதியைப் போல அவரைப் பார்த்தாள். அதைப் படமெடுத்துக்கொண்டார்கள்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் கட்டியிருந்த பேனரில் தலைவர் பெரியதாக ஒரு முறையும், கைகூப்பிய நிலையில் ஒரு முறையும், ஃபோனில் பேசியபடி ஒரு முறையும் இருந்தார். அடியில் ஓரமாக ஒரு குழந்தையும் இருந்தது. பெனிட்டாவையும் பிரவினையும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே, முன்வரிசையில், உட்காரவைத்தார்கள்.

விளக்கை அணைத்துத் திரையைப் போட்டார்கள். ஆன்லின் தெரிந்தாள். இன்னும் பிடிக்காமல் நிற்கத் தெரியாத ஆன்லின் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். மேளம் கேட்டுத் தலையை ஆட்டினாள். இடுப்பில் கைவைத்து ஒரு சுற்று ஆடினாள். சிரித்தபோது வாய் நிறையப் பல் இருந்தது. கீழே இரண்டு, மேலே ஒன்று என்றிருந்த பிள்ளைக்குக் கடைவாய்ப் பல்வரை வாரியம் கொடுத்திருந்தது.

“பெரியோர்களே, எங்கள் சிரிப்பொலிக்குக் காரணம் மழலை மகிழ்ச்சி வாரியம்,” என்றாள் திரையிலிருந்த ஆன்லின். “தலைவர் தாத்தாவின் சேவையை என் செவி குளிரக் கேட்டு வளர்கிறேன்.” பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, “அம்மா!” என்றாள்.

பெனிட்டாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனையோ தடவை குழந்தையின் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் நீர் முட்ட, அவளை அறியாமல் “என்னடி கண்ணு?” என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. வெளியே சரவெடி வெடித்தது. மடியைக் குனிந்து பார்த்தாள். ஒலிபெருக்கிக்கு ஒரு முழத் தூரத்தில், வெடிச்சத்தத்துக்கு நடுவே, ஆன்லின் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பெனிட்டாவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“ஒரு குழந்தை தெளிவாகப் பேச இரண்டு, மூன்று வருடம் ஆகும் என்கிறார்கள். அவ்வளவு காலம் ஒரு வாரியம் காத்திருக்க முடியுமா? என் பதவிக்காலமே அவ்வளவு கிடையாது. இயற்கையின் இந்தத் தாமதத்தை நாங்கள் நீக்கிவிட்டோம். குழந்தைகளின் மனதில் என்ன இருக்கிறது என்று சிலர் ஆராய்ச்சி செய்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. என்ன இருக்கவேண்டும் என்பதை நாங்களே எழுதிக்கொடுத்துவிடுகிறோம்.”

இதற்கும் கைதட்டினார்கள்.

வீடியோ பேருந்து நிலையத்துப் பெரிய திரையில் ஓடியது. வாட்ஸாப்பில் மாவட்ட எல்லையிலிருக்கும் பூவம் வரைக்கும் போனது. செருப்பு வாங்க வந்தவர்கள் பெனிட்டாவிடம், “ஒம் பொண்ணு எவ்ளோ அழகா பேசுது! என்ன குடுத்து வளக்குற?” என்று விசாரித்தார்கள். அவள் பில்லைக் கிழித்து நீட்டினாள்.

கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மறுபடியும் படியேறினாள். ஆதவன் இப்போது அவளை உட்காரச் சொன்னார். டீ வாங்கித் தந்தார். பிறகு கோப்பைத் திறந்து, விண்ணப்பம் தள்ளுபடி என்றார்.

“ஏன் சார்?”

“காது கேக்காத பிள்ளைங்களுக்குத்தானேம்மா பரிந்துரை. உங்க பொண்ணுக்கு நல்லா கேக்குதே. மேளத்துக்குத் தலையாட்டுது. பேசுது. ‘செவி குளிர’ன்னு அதுவே வாயால சொல்லியிருக்கு.”

 அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பெனிட்டா நினைத்தாள். அவர் விளையாடுகிற மனிதராகத் தெரியவில்லை.

“சார், அது நீங்க செஞ்ச வீடியோ. நீங்கதான் போட்டோவ எடுத்துப் பண்ணீங்க.”

“அதனாலதாம்மா எங்களால சந்தேகப்பட முடியல. வெளில யாராவது செஞ்சிருந்தா விசாரிக்கலாம். வாரியமே செஞ்சதை வாரியமே நம்பலைன்னா மக்கள் எப்படி நம்புவாங்க?”

“இதோ மடியில இருக்கு சார் பிள்ளை. கூப்ட்டுப் பாருங்க.”

“நான் கூப்ட்டு அது திரும்பலைன்னா எனக்கு மரியாதையா இருக்குமா?”

அவள் அழுதாள். குழந்தைகளுக்குத்தான் அழத் தடை, பெரியவர்களுக்கு விதி எதுவுமில்லை என்பதால் ஆதவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்று மட்டும் வழி சொன்னார்.

மேல்முறையீட்டை விசாரிக்க ஒரு குழு கூடியது. தலைவர், ஆதவன், அஜ்மீர் மூவருமே குழு. பெனிட்டாவுக்குத் துணையாக டாக்டர் ஹஃப்ஸா தன் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பிரவினும் வந்தான். குழந்தையை மேசைமேல் உட்கார வைத்து, பக்கத்தில் மடிக்கணினியில் வீடியோவை ஓடவிட்டார்கள். குழு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

“நிக்கச் சொல்லுங்க,” என்றார் தலைவர்.

“இன்னும் நிக்க மாட்டா சார்,” என்றான் பிரவின்.

“இந்த வீடியோல நிக்குது. ஆடவே ஆடுது. பல்லைக் காட்டச் சொல்லுங்க.”

அஜ்மீர் ஆன்லினின் உதட்டை விலக்கிப் பார்த்தார். “மூணுதான் இருக்கு தலைவரே. வீடியோல வாய் முழுக்க இருக்கு.”

குழு கவலையோடு குனிந்து ஏதோ பேசிக்கொண்டது. டாக்டர் ஹஃப்ஸா பரிசோதனைத் தாளோடு எழுந்தார். “இது மூளை நரம்போட பதிலைப் பதிவு பண்ற சோதனை. குழந்தை தூங்கும்போது எடுத்தது. ரெண்டு காதுலயும் பதிலே இல்ல. மெஷின் பொய் சொல்லாதுங்க.”

தலைவர் புன்னகைத்தார். “டாக்டரம்மா, உங்க மெஷின் வெறும் மெஷின். எங்க மெஷினுக்கு அறிவு இருக்கு. செயற்கை அறிவுன்னு பேர்லயே வச்சிருக்காங்க. எதை நம்புறது?”

டாக்டர் ஹஃப்ஸா நீண்ட காலம் படித்தவர். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எந்தப் பாடத்திலும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

குழு முடிவை அறிவித்தது. கொண்டுவரப்பட்டிருக்கும் குழந்தை பல், கால், பேச்சு ஆகிய மூன்று அம்சங்களிலும் வாரியத்தின் ஆன்லினோடு பொருந்தவில்லை. எனவே இது வேறு குழந்தையாக இருக்கலாம் என்று குழு ஐயுறுகிறது.

“அசல் பிள்ளைய எங்கம்மா வச்சிருக்கீங்க?” என்று ஆதவன் இரக்கத்தோடு கேட்டார். “அதைக் கூட்டிட்டு வாங்க. நாங்க யாரும் திட்ட மாட்டோம்.”

பிரவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். பெனிட்டா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படியில் இறங்கும்போது அவன் கம்பியை ஓங்கிக் குத்தினான்.

“வேனை ஒரு நாள் இந்தப் படியில ஏத்திடுறேன் பாரு.”

“ஏத்துனா அதையும் வீடியோ எடுப்பானுங்க. பேசாம வாங்க.”

கீழே டாக்டர் ஹஃப்ஸா காத்திருந்தார். “புதுச்சேரில இவளுக்குன்னு இடம் ஒதுக்கி வச்சிருக்காங்க. இந்த வாரத்துக்கு மேல வச்சிருக்க மாட்டாங்க பெனிட்டா,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் ஆன்லினின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம், கடையின் பின்பக்கம் செருப்பு அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறையில், பெனிட்டா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். ஃபோனில் அந்த வீடியோ மறுபடியும் யாரோ அனுப்பி வந்திருந்தது. கீழே ஒரு விளம்பரம்: ‘உங்கள் புகைப்படத்தையும் பேச வையுங்கள், இலவசம்.’  இவ்வளவுதானா இது? இதை வைத்துக்கொண்டா என் பிள்ளையை வேறு பிள்ளை என்கிறார்கள்?

விழாவில் எடுத்த படம் ஒன்றில் தலைவர் இருந்தார். அதை அந்தச் செயலியில் ஏற்றினாள். என்ன பேச வேண்டும் என்று கேட்டது. அவள் எழுதினாள்: ‘கோட்டுச்சேரி ஆன்லினுக்குக் காது கேக்காது. பரிந்துரையில இன்னிக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.’ அதற்குக் கீழே தலைவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது போல இன்னொரு வரியும் எழுதினாள். யோசித்துவிட்டு அதை அழித்தாள்.

அவள் எண்ணம் எளிமையானது. இதைக் கொண்டுபோய்க் காட்டி, பாருங்கள், யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பேச வைக்கலாம், இதுவும் பொய், அதுவும் பொய் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது. அதற்குப் பிறகு அவர்களுக்கு வெட்கம் வரும் என்று அவள் நம்பினாள்.

ஆதவன் கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவள் ஃபோனை அவர் மூக்குக்கு நேரே பிடித்து ஓடவிட்டாள். திரையில் தலைவர் தொண்டையைச் செருமினார்.

ஆதவன் எழுந்து நின்றார்.

தலைவர் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார். இலவசச் செயலி என்பதால் பேச்சு முடிந்ததும் தலைவர் தோளைக் குலுக்கி ஒரு சின்ன ஆட்டம் போட்டார். ஆதவன் அப்போதும் உட்காரவில்லை.

“இதை மொதல்லயே காட்டியிருக்கலாமேம்மா,” என்றார் பதறிப்போய். “எவ்வளவு அலைஞ்சுட்டீங்க!”

“சார், இது நான் செஞ்சது. இப்பதான், கடையில உக்காந்து…”

“தலைவருக்கு உங்க மேல இவ்வளவு அக்கறைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நான் செஞ்சதுங்க சார்! போட்டோவைப் போட்டு நான்தான் எழுதுனேன். அவர் பேசவே இல்ல!”

“யாரு செஞ்சா என்னம்மா? பேசுறது தலைவர்தானே. உங்க பொண்ணு வீடியோவ நாங்க செஞ்சோம், பேசுனது உங்க பொண்ணு. அப்படித்தானே குழு முடிவு பண்ணிச்சு?”

கோப்போடும் ஃபோனோடும் அவளையும் தலைவர் அறைக்குக் கூட்டிப்போனார். தலைவர் வீடியோவைப் பார்த்தார். திரும்ப ஒரு முறை போடச் சொன்னார்.

“இதை நான் எப்பய்யா சொன்னேன்?”

ஆதவன் குரலைத் தாழ்த்தினார். “நீங்க சொல்லலைன்னா தலைவரே… அந்தப் பிள்ளையும் சொல்லலைன்னு ஆயிடும். அப்புறம் விழா, அதுக்கு வந்த பாராட்டு, எல்லாமே…”

 தலைவர் திரையில் நின்றிருந்த தன்னை உற்றுப் பார்த்தார். அந்தத் தலைவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. கன்னம் பளபளத்தது.

“சொல்லியிருப்பேன்,” என்றார் கடைசியில். “நிறைய சொல்றோம், எல்லாமா ஞாபகம் இருக்கு? நல்ல விஷயமா இருந்தா நான்தான் சொல்லியிருப்பேன்.” பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். “இந்த வீடியோவ எனக்கு அனுப்பிவிடுங்கம்மா. அந்த ஆட்டத்தையும் சேத்து.”

பெனிட்டா பரிந்துரையைக் கையில் வாங்கினாள். நன்றி சொல்லவேண்டிய இடம் அது.  வெட்கம் அவர்களுக்கு வரும் என்று நினைத்து வந்தவள் தானே அதைச் சுமந்துகொண்டு படியிறங்கினாள். இந்த மடையர்களின் கையெழுத்தை நம்பித்தான் தன் பிள்ளையின் காது இருந்திருக்கிறது என்ற நினைப்பின் வலி, அது கிடைக்காமல் போயிருந்தால் வந்திருக்கக்கூடிய துக்கத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவாக இருந்தது.

புதுச்சேரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காயம் ஆறியதும் வெளியே மாட்டுகிற கருவியையும் பொருத்தி இயக்கிவிட்டார்கள். சினிமாவில் வருவதைப் போல உடனே திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் ஹஃப்ஸா முன்பே எச்சரித்திருந்தார். “சில பிள்ளைங்க அன்னிக்கே காட்டும். சிலதுக்கு நாளாகும். சத்தம்னு ஒண்ணு இருக்குன்னே அவளுக்குத் தெரியாது இல்லையா?” என்றார்.

ஆன்லின் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து சில நாட்களாகப் பெனிட்டா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிரவின் தட்டைத் தட்டினான். காதுக்கு மேலே ஒட்டியிருந்த கருவியின் வட்டத்தைக் குழந்தை பிய்த்துப் போடுவதும், இவர்கள் எடுத்து ஒட்டுவதுமாகப் போனது. கருவி வேலை செய்கிறதா என்றே பெனிட்டாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிரவினிடம் அதைச் சொல்லவில்லை. அவனும் அதே சந்தேகத்தை அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தான்.

அப்படி ஒரு காலையில் வாரியம் வீட்டுக்கு வந்தது. ஆதவன் கையில் சால்வை இருந்தது. அஜ்மீர் விளக்கையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு நேரே கூடத்துக்குள் நுழைந்தார்.

“வாரியத்தோட முயற்சியால ஆபரேஷன் வெற்றி,” என்றார் ஆதவன். “பிள்ளை சிரிக்கிற மாதிரி ஒரு காட்சி எடுத்துட்டுப் போயிடுறோம். தலைவரே பேச்சை எழுதி வச்சிட்டாரு.”

விளக்கின் வெளிச்சம் கண்ணில் அடித்ததும் ஆன்லின் வீறிட்டு அழுதாள்.

“அழுவுதே சார்,” என்றார் அஜ்மீர்.

“பரவால்ல, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்க. சிரிப்பை ஆபீஸ்ல வச்சுப் போட்டுக்கலாம். அந்தக் கருவி தெரியாம எடு, அசிங்கமா இருக்கு.”

பெனிட்டா கேமராவுக்கு முன்னால் வந்து நின்று கையால் மறைத்தாள்.

“வெளில போங்க.”

“என்னம்மா இது? வாரியம் இல்லாம உங்க பிள்ளைக்கு…”

“வெளில போங்கன்னு சொல்றேன். உங்க அப்பன் வீட்டுப் பிள்ளையா, போட்டோ எடுக்க? போய்யா!”

அவள் தள்ளிய வேகத்தில் அஜ்மீர் விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் போனார். ஆதவன் சால்வையோடு வாசல்படியில் இறங்கினார். பெனிட்டா தன் பலம் முழுவதையும் கொடுத்துக் கதவை அறைந்து சாத்தினாள். சுவரில் மாட்டியிருந்த மாதா படம் ஆடி நின்றது.

அழுகை சட்டென்று நின்றுபோனது.

பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். ஆன்லின் தோள்களை ஒடுக்கிக்கொண்டு, கன்னத்தில் நீர் வழிய, கண்ணைச் சிமிட்டாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 பெனிட்டா தாழ்ப்பாளைப் பிடித்து மெதுவாகக் கதவைத் திறந்தாள். மனம் மாறிக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து வாசலில் நின்றிருந்த ஆதவன் சால்வையை விரித்துக்கொண்டு சிரித்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையை உள்பக்கம் திருப்பிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தபடியே, முன்னைவிட ஓங்கி இன்னொரு முறை சாத்தினாள்.